வெண்கலத் தகடுகளின் அலை

இரண்டு துணியில் நூலளவு நிறம் மாறினாலும் தூக்கி வீசுகிறவன் நான். அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் செக்கிங் வேலை. அந்தப் புத்தியைத்தான் அடுத்தவர் வாத்தியத்தில் காட்டித் தொலைத்தேன்.

காடெக்கும் அவள் புருஷன் ஞோமானும் பாலித் தீவிலிருந்து எங்கள் பிரிண்டிங் பிரிவுக்கு வந்தவர்கள். குவார்ட்டர்ஸில் எனக்குப் பக்கத்து வீடு. அவர்கள் ஊர்ச் சங்கீதத்துக்குக் காமெலான் என்று பெயர். அதில் ஒரு ஜோடி வாத்தியம் கொண்டுவந்திருந்தார்கள். மூங்கில் குழாய்களுக்கு மேல் வெண்கலத் தகடுகள், ஆளுக்கொன்றாக வைத்துத் தட்டுவார்கள். அந்த வாசிப்பு இல்லாமல் அவர்கள் ஊரில் பிணத்துக்குத் தீ வைப்பதில்லையாம்.

காடெக்கின் அப்பா இறந்துபோனார். ஷிப்மென்ட் நெருக்கடியில் லீவு கிடைக்கவில்லை. எரிக்கிற அன்று காலை பத்து மணிக்கு இங்கிருந்தே வாசித்துப் போனில் அனுப்புவதாக முடிவு செய்தார்கள்.

அன்று என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பூ வாங்கப் போனார்கள். பாவம், துடைத்தாவது வைப்போமே என்று உட்கார்ந்தேன். இரண்டிலும் முதல் தகட்டைத் தட்டினால், ஒன்று கொஞ்சம் தூக்கலாக ஒலித்தது. பயணத்தில் கெட்டிருக்கும் என்று நானே தீர்மானித்து, அதன் அடியில் அரம் போட்டு இரண்டையும் ஒன்றாக்கினேன். அதில் சந்தோஷம் வேறு!

திரும்பி வந்த காடெக் இரண்டையும் சேர்த்துத் தட்டிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"அலை போச்சுங்க" என்று அழுதாள்.

ஒன்று மட்டாகவும் ஒன்று தூக்கலாகவும் இருந்தால்தான் நடுவில் நாதம் அலையடிக்கும், அதுதான் இதற்கு உயிர் என்றான் ஞோமான். "நீங்க செக்கிங் ஆளுங்ணா. தப்பில்லீங்க." அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்.

மணி எட்டரை. தகட்டின் ஓரத்தை அராவினால் சுருதி ஏறும் என்று சொல்லி, அரத்தை என் கையிலேயே கொடுத்தான். அராவினேன், தட்டினான், தலையை ஆட்டினான். மறுபடி அராவினேன். ஒன்பதரைக்கு இரண்டும் சேர்ந்து விம்மி விம்மி அலையடித்தன. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பத்துக்கு வாசித்தார்கள். போன் திரையில் தீ எழும்பியது. மூலையில் நின்று நானும் தேம்பினேன். வாசித்து முடித்ததும் அவள் அம்மா ஏதோ கேட்டாள், காடெக் பதில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அங்க அழுவறது யாருன்னு அம்மா கேக்குதுங்க. நம்ம ஊட்டு ஆளுன்னு சொன்னேனுங்க."