வாசலுக்குக் குறுக்கே ஒரு பாலம்

பாகீரதி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி இரண்டு மாதம் ஆகியும் ரயில் அறைக்குள் கால் வைக்கவில்லை. வைக்க வழியில்லை.

கரமனை அக்ரகாரத்தில் அந்த வீட்டுக் கூடத்தை ஒட்டிய அறையில், நான்கு சுவர்களையும் சுற்றி இடுப்பு உயரத்தில் பலகை அடித்து அதன்மேல் தண்டவாளம் போட்டிருந்தார் அவள் கணவர் ஸ்ரீகண்டன். மராமத்து இலாகாவில் படம் வரைகிற உத்தியோகம். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரை ஏலம் விட்ட சாமான்களில் அகப்பட்டது அந்த ரயில்: சாவி கொடுத்தால் ஓடும் பச்சை எஞ்சின், ஏழு பெட்டிகள், ஒரு சாக்குத் தண்டவாளம். வட்டம் முழுமையாக வேண்டுமென்றால் பலகை வாசலையும் கடந்தாக வேண்டும். கதவைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, வாசலுக்குக் குறுக்கேயும் ஒரு பலகையை ஆணி வைத்து அறைந்துவிட்டார். உள்ளே போகிறவர்கள் குனிந்து அடியில் நுழைய வேண்டும்.

"சுவாமி சன்னிதியிலகூட இத்தனை குனிஞ்சதில்லை" என்று சொல்லிக்கொண்டே மூன்று வருஷம் நுழைந்தவள்தான் பாகீரதி. இப்போது வயிற்றில் அறுவை ஆகியிருந்தது. ஒரு வருஷத்துக்குக் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

சாயங்காலங்களில் அவர் உள்ளே வண்டி ஓட்டுவார். அவள் கூடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "ஓடட்டும், இங்கேருந்தே தெரியறது" என்பாள். தெரியாது என்பது அவருக்குத் தெரியும். வண்டி ஜன்னல் பக்கம் திரும்பியதும் அவள் பார்வை சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். நாலு சுற்று ஆனதும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு அவருக்கும் ஓட்டக் கை வராது.

வாசலில் இருக்கிற மூன்றடியை மட்டும் எடுத்து வைக்கும்படி செய்துவிட்டால் என்ன என்று தோன்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கே படம் வரைந்தார். ஆஞ்சிலிப் பலகை அறுத்தார். தண்டவாளத்தின் நுனியில் இருந்த ஊசிகள் அடுத்த துண்டின் துளைக்குள் நுழைந்து பிடித்துக்கொள்வதால் பலகை நேராக மேலே வர மறுத்தது. ஊசிகளை அராவித் தள்ளினார். அராவிய பிறகு தண்டவாளம் மயிரிழை விலகி, வண்டி மூன்று தடவை தலைகுப்புற விழுந்தது. இரண்டு முனையிலும் பித்தளைக் குமிழும் அதற்கேற்ற குழியும் வைத்துச் சரிப்படுத்தினார். மழைக்கு மரம் உப்பும் என்று, ஒரு போஸ்ட்கார்டு நுழையும் அளவுக்கு இருபுறமும் இடைவெளி விட்டார். கடைசியில் இரண்டு தாழ்ப்பாள்.

"வரலாம் மகாராணி" என்று பலகையைத் தூக்கிப் பிடித்தார்.

பாகீரதி நிமிர்ந்து நடந்து உள்ளே போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நாலு சுற்று வந்தது. அப்புறம், "தாழ்ப்பாள் ரெண்டும் உள்பக்கமாக்கும், இல்லையா?" என்றாள்.

"ஆமாம். உள்ளே நிக்கறவன்தானே போடணும்."

"நீங்க ஆபீசுக்குப் போனா நான் எப்படி உள்ளே வரது?"

"தனியா இங்கே உனக்கு என்ன ஜோலி?"

அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "மத்தியானம் ஓட்டறது நானாக்கும்."

"என்னது? எத்தனை நாளா?"

"வண்டி வந்த மறு வாரத்திலேருந்து. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முதல் நாள்கூட ஓட்டினேன்."

"அப்போ சக்கரத்துக்கு எண்ணெய் விட்டது...?"

"பின்னே எலியா விடும்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு அடியில் ஏதோ சுருக்கென்றது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"வேண்டாம்னு சொல்லமாட்டேள். பக்கத்துல நின்னுண்டு சொல்லித் தருவேள்."

மறுநாள் ஆபீசில் அந்தப் பேச்சு அவரை விடவில்லை. படத்தில் எல்லாவற்றுக்கும் அளவு போட்டிருந்தார். ஆள் நிற்கும் இடத்துக்கு மட்டும் அறைக்குள்ளே ஒரு பெருக்கல் குறி. ஒரே ஒரு குறி. அந்த ஆள் தன்னைத் தவிர வேறு யாராகவாவது இருக்கலாம் என்று பென்சில் பிடித்த கைக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "நீ எவ்வளவு தூக்கலாம்?" என்று கேட்டார்.

"ஒரு செம்பு ஜலம் தூக்கறேனே."

செம்பு நிறையத் தண்ணீரை ஒரு கையிலும் பலகையை மறு கையிலும் பிடித்துப் பார்த்தார். பலகை மூன்று செம்பு இருக்கும். சாலை பஜாரில் பழைய தேயிலைப் பெட்டி ஒன்று வாங்கி, அதன் மெல்லிய பலகையை அறுத்து, தொய்யாமலிருக்க அடியில் இரண்டு சட்டம் ஒட்டினார். தாழ்ப்பாளைக் கூடத்துப் பக்கம் மாற்றினார். ஓரடி அகலம்தானே, உள்ளேயிருந்தும் கை எட்டியது. வியாழக்கிழமை காலையில், ராகுகாலத்துக்கு வெகு முன்னாலேயே பொருத்தினார்.

எப்படித் தூக்க வேண்டும், எந்த முனையை முதலில் விடுவிக்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. "காப்பிப்பொடி தீர்ந்துபோச்சு போலிருக்கே" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. ஆபீஸ் விட்டுக் கூடத்துக்குள் நுழையும்போதே வண்டியின் கடகடப்பு கேட்டது. பாலம் அதன் இடத்தில் இருந்தது. உள்ளே பாகீரதி. பழக்கத்தில் அவர் குனியப் போனார்.

"குனியாதேங்கோ! தலை இடிச்சா வண்டி விழும்."

"அப்போ நான் எப்படி வரது?"

"சாவி தீர்றவரைக்கும் நில்லுங்கோ."

நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வண்டி வேகம் குறைந்து, பாலத்தின்மேல் ஏறி, அவருக்கு நேர் எதிரே வந்து ஓய்ந்தது. சாவித்துளை அவர் பக்கம்தான் இருந்தது. கை எழுந்தது. எழுந்த கைக்குக் குடையை மாற்றிக்கொண்டார்.

பாகீரதி நிதானமாக நடந்து வந்து, பலகையில் ஒரு கையை ஊன்றிச் சாவியைத் திருகினாள். எட்டுத் திருகலுக்கு மேல் போனால் சுருள்வில் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. அவள் பதினொன்று கொடுத்தாள்.

"என்ன பார்க்கறேள்?"

"ஒண்ணுமில்லை."

"செரி, இன்னும் ஒரு நடை நில்லுங்கோ" என்று சொல்லி எஞ்சினை விட்டாள்.