ஒரு வலிப்பும் நாலு பேரும்

மனிதர் செய்யும் தொழில்களிலேயே தெய்வத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரத் தகுந்தது நர்ஸ் வேலை ஒன்றுதான். நோயாளி விடும் நிம்மதிப் பெருமூச்சே நர்ஸின் உண்மையான சம்பளம்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் இயற்றியவர் பெரிய மாமா. தடுப்பூசி போட ஆள் வருகிறார்கள் என்றால் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறவர். நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டிருந்த அவளுக்கு, புருஷனின் பெரியப்பா. தெருவில் அவருக்கு ‘மைக்’ என்று பெயர். நல்லதோ கெட்டதோ, எங்கே ஒலிபெருக்கி கட்டினாலும் சோதித்துப் பார்ப்பதற்கென்று முதலில் கையில் வாங்குவார். திருப்பித் தர மாட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கேட்க ஆள் இல்லாமல் போகவே, வீட்டு முன்னறையில் இலவச நேர்முகப் பயிற்சி ஆரம்பித்துவிட்டார்.

ஆஸ்பத்திரி மாடியில் நர்சிங் பள்ளிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மடியில் குழந்தையோடு பெரிய மாமா. அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அதைவிடப் பெரிய வரம்பு ஒன்றை மாமியார் காலையில் வாசலில் நின்று விதித்திருந்தாள்: “கிடைச்சா போ, குழந்தையை நான் பாத்துக்கறேன். கிடைக்கலைன்னா இந்தப் பேச்சு இன்னையோட சரி. அடுத்தது பெத்துக்கற வழியைப் பாரு.”

நேர்முக அறையின் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே போன பெண்ணின் குரல் வெளியே தெளிவாகக் கேட்டது.

“எங்க அண்ணன் குழந்தைக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்துடுச்சு சார். கை கால் வெட்டி வெட்டி இழுக்குது. கண்ணு மேல சொருகிடுச்சு. அப்போ ஒரு நர்ஸ் வந்தாங்க சார். வெள்ளை உடுப்புல ஒரு விளக்கு நடந்து வந்த மாதிரி இருந்துச்சு.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதற்கு முன்னால் போனவள் அக்கா குழந்தைக்கு வலிப்பு என்றாள். அதற்கும் முந்தினவள் எதிர்வீட்டுக் குழந்தைக்கு. ஊரில் காய்ச்சல் காலம், இருக்கலாம் என்று அதுவரை மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரே விளக்கு மூன்று வீட்டுக்கும் நடந்து போயிருக்க முடியாது.

“பெரிய மாமா, நம்ம பாப்பா வலிப்பை யார் யாருக்குச் சொல்லிக் குடுத்தீங்க?”

அவர் குழந்தையின் கால்விரலை ஆட்டிக்கொண்டே, “பயிற்சிக்கு வர்ற பிள்ளைங்களுக்கு ஒரு மாதிரி காட்ட வேண்டாமா?” என்றார். “மூணு பேருக்குத்தான்.”

“மூணு பேருக்கா?”

“மெதுவாப் பேசு. வலிப்பு என்ன, உன் பேர்ல பட்டா போட்டுக் குடுத்ததா? ஆளுக்கொரு உறவு மாத்தித்தான் குடுத்திருக்கேன். நான் என்ன விவரம் தெரியாதவனா?”

“இப்ப நான் உள்ள போய் எதைச் சொல்ல?”

“அதையேதான். பெத்தவ நீ. அழுகை உனக்குத்தான் பிசிறு இல்லாம வரும்.”

அவளிடம் வேறு காரணம் இல்லை. இருந்த ஒரே காரணம் மூன்று வாய் ஏறி எச்சிலாகிக் கிடந்தது. கதவு திறந்தது. அண்ணன் குழந்தைக்காரி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடி வெளியே வந்து, பெரிய மாமாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள். அடுத்தது இவள்தான்.

உள்ளே இரண்டு பேர். நடுவில் தாளாளர். அவருக்குப் பின்னால் சுவரில் அவருடைய படமே மாட்டியிருந்ததால், கேள்வி கேட்பவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. மேஜை மேல் அவருடைய கைக்குட்டை ஈரமாகக் கிடந்தது. ஓரத்தில் தலைமை நர்ஸான மேட்ரன், காலையிலிருந்து நல்ல வார்த்தைகளாகவே கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன முகம்.

“சொல்லும்மா,” என்றார் தாளாளர். “எத்தனையோ படிப்பு இருக்கு. கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எதுக்கு நர்ஸ்?”

“என் குழந்தைக்கு... காய்ச்சல்ல வலிப்பு வந்துச்சு சார்.”

மேட்ரன் பேனாவை மூடி வைத்தாள். “விளக்கு நடந்து வந்துச்சா?”

தாளாளர் மேட்ரனை முறைத்தார். மேட்ரன் இவளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. ஓடினால் கதவுக்கு வெளியே பெரிய மாமா.

“இல்லீங்க மேடம்,” என்றாள். “நீலச் சட்டை. தோள்ல டீ சிந்தியிருந்துச்சு. ரொம்பக் கோவமா வந்தாங்க.”

“எதுக்குக் கோவம்?”

“நான் குழந்தை வாயில கரண்டியைத் திணிச்சிட்டிருந்தேன்.”

தாளாளர் கைக்குட்டைக்கு நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார்.

“பல்லு கிட்டிக்கும், கரண்டியை வை, கரண்டியை வைன்னு வீட்டுப் பெரியவர் கத்தினார். இங்கேதான், கீழ சீட்டு குடுக்கற இடத்துல. நானும் ஊட்டற கரண்டியை எடுத்து வெச்சு அழுத்தினேன். அவங்க வந்து என் கையில ஒரு அடி வெச்சுப் பிடுங்கினாங்க. வாயில எதையும் வைக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே குழந்தையை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாங்க. கொஞ்ச நேரத்துல வலிப்பு தானா நின்னுடுச்சு.”

“அந்தப் பெரியவர் டாக்டரா?” என்றாள் மேட்ரன்.

“இல்லீங்க. சத்தமாப் பேசுவார்.”

மேட்ரன் இருமிக்கொண்டாள்.

“வாயெல்லாம் ரத்தம் மேடம். வலிப்புல வந்த ரத்தம்னு வீட்ல எல்லாரும் இன்னமும் சொல்றாங்க. ஈறு கிழிஞ்சிருந்துச்சு. நான் கிழிச்சது.” அழுகை வந்துவிடுமோ என்று பயந்தாள். வந்தால் பெரிய மாமா எழுதிக் கொடுத்த இடத்தில் சரியாக வந்ததாகிவிடும். எச்சிலை விழுங்கிக்கொண்டாள். “அந்த நர்ஸ் அவரை வெளிய நிக்கச் சொன்னாங்க. அவரும் பேசாம போய் நின்னார். கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து அவர் பேசாம இருந்து நான் பாத்ததில்லை. அன்னைக்கு நெனச்சேன். அடுத்த தடவை யார் எவ்வளவு கத்தினாலும், எது சரின்னு எனக்கே தெரிஞ்சிருக்கணும். வெளிய நில்லுங்கன்னு சொல்ல எனக்கும் வாய் வரணும். அவ்வளவுதான் மேடம்.”

மேட்ரன் மூடி வைத்த பேனாவைத் திறந்தாள்.

“அப்போ சேவை மனப்பான்மை?” என்றார் தாளாளர். பந்திக்குப் போய்ப் பாயசம் கிடைக்காதவர் குரல்.

“அது போகப் போக வரும்னு நெனக்கிறேன் சார்.”

தாளாளர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேட்ரன் அவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாள். அவர் தலையை இடவலமாக ஆட்டினார். மேட்ரன் மறுபடி சொன்னாள். அவர் மறுபடி ஆட்டினார், இந்த முறை சற்று மெதுவாக. “நீ வெளிய இரும்மா,” என்றாள் மேட்ரன்.

வெளியே வந்து உட்கார்ந்தாள். முழங்கால் தானாக ஆடியது. குழந்தையை வாங்கி முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள்; குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. வெயில் தாழ்வாரத்தைத் தாண்டிச் சுவரில் ஏறிய பிறகு குமாஸ்தா வந்து பெயர்களை வாசித்தார். எதிர்வீட்டுக் குழந்தைக்காரிக்கு இடம். அக்கா குழந்தைக்காரிக்கு இடம். அண்ணன் குழந்தைக்காரிக்கும் இடம். இன்னும் பலருக்கு. கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு, இவள் பெயர்: “காத்திருப்பு. யாராவது நின்னா கூப்பிடுவோம்.”

படியில் இறங்கும்போது பெரிய மாமா கேட்டார். “மூணு பேருக்குக் கேட்ட மருந்து உனக்கு மட்டும் ஏன் கேக்கலை? உள்ள என்னத்த உளறின?”

“நடந்ததைச் சொன்னேன்.”

“அதான்,” என்றார் பெரிய மாமா.

வீட்டில் மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். காத்திருப்பு என்றால் கிடைத்ததா கிடைக்காததா என்று புருஷன் கேட்டான். அதுதான் அவளுக்கும் கேள்வி. வகுப்புகள் தொடங்கிவிட்டன என்று கேள்விப்பட்டாள். கூடத்தில் போன் அடிக்கும்போதெல்லாம் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். ஒரு முறை பால் பாத்திரம். மாமியார் தரையைத் துடைத்துக்கொண்டே, “இந்த மாசக் கடைசி வரைக்கும் பாரு,” என்றாள்.

மாசக் கடைசிக்கு முன்னால் மேட்ரனே கூப்பிட்டாள். ஊசி போடும் வகுப்பில் முதலில் ஆரஞ்சுப் பழத்தில்தான் குத்திப் பழக்குவார்கள். அண்ணன் குழந்தைக்காரி பழத்தில் ஊசி இறங்குவதைப் பார்த்து மயங்கி விழுந்து, மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த இடம்தான் இவளுக்குக் கிடைத்தது.