என்னுடைய முறை

மூன்றாவது வரிசையில் மஞ்சள் பூசிய ஒரு பெயர், அதை முப்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் ஒருவன்தான் பார்க்கவில்லை, நான் என் குரலை ரசித்துக்கொண்டிருக்கிறேன், திங்கட்கிழமை காலைக் கூட்டம், எல்லோரும் அவரவர் வீட்டில், அவரவர் சதுரத்துக்குள், இந்தக் காலாண்டில் நாம் ஒரு குடும்பமாக நின்று, என்று ஆரம்பித்து அளந்துகொண்டே போகிறேன், திரையில் காட்ட வேண்டியது மேல்நோக்கிப் பாயும் அம்புக்குறி போட்ட ஒரு படம், நான் காட்டிக்கொண்டிருப்பதோ அதற்குப் பின்னால் திறந்து கிடந்த எக்செல் தாள், வேலையை விட்டு அனுப்பப்போகிற நான்கு பேரின் பட்டியல், பதினோரு விநாடி என்று பிற்பாடு பதிவைப் போட்டுப் பார்த்துச் சொன்னார்கள், அப்புறம் ஒரு குரல், ஏலே, உன் ஸ்கிரீன் தப்பா தெரியுது, ஷேர் பண்றத நிறுத்து, என்று மெதுவாக, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சட்டைப் பித்தான் கழன்றிருப்பதைச் சொல்வதுபோல, அது ஆசீரின் குரல், மஞ்சளில் இருந்ததும் ஆசீரின் பெயர்தான், தேங்க்ஸ் ஆசீர் என்றேன் நான், சொல்லிவிட்டு அம்புக்குறிப் படத்தைத் தேடி எடுத்துப் போட்டு மிச்சத்தையும் பேசி முடித்தேன், வெட்கம்கெட்டவனுக்கு வேறென்ன தெரியும்.

அந்தக் குரல் என்னைக் காப்பாற்றியது அது முதல் தடவை இல்லை, பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் சிறுசேரி வளாகத்தில் சேர்ந்த புதிதில், பதினாறாயிரம் பேர் வேலை பார்க்கிற இடம், எல்லாக் கட்டடமும் ஒரே கண்ணாடி, எல்லா மாடியும் ஒரே கம்பளம், என் இருக்கை எண்ணைச் சரியாகப் பார்த்து உட்கார்ந்தேன், கட்டடத்தைத்தான் மாற்றி உட்கார்ந்துவிட்டேன், ஒன்பது நாள், யாரும் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் குட்மார்னிங்கூடச் சொன்னார்கள், ஒருத்தர் பிறந்தநாள் கேக் கொடுத்தார், பத்தாம் நாள் பாளையங்கோட்டைக்காரன் ஒருவன் வியர்த்து வழிய வந்து நிற்கிறான், என் கழுத்து அட்டையைத் திருப்பிப் படிக்கிறான், ஏலே, அங்க ஒனக்கு ஒம்பது நாளா ஆப்சென்ட் போட்டுக்கிட்டிருக்கான், நீ இங்க யாருக்குலே வேல பாக்க, என்கிறான், அன்றைக்கு ஒட்டிக்கொண்டவன், நான் பேச அவன் சிரிக்க, நான் குழப்ப அவன் நேராக்க, கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டு எனக்கு, வெயில் படுகிற பக்கம் என்றால் அவனுக்கு.

கம்பெனியில் வருடக் கடைசியில் எல்லோருக்கும் மார்க் போடுவார்கள், ஏழு பேர் கொண்ட அணி என்றால் ஒருவனுக்காவது கடைசி மார்க் கட்டாயம் போட்டாக வேண்டும், ஏழு பேரும் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தாலும் சரி, அது விதி, அன்றைக்கு எங்கள் மேலாளராக இருந்த வரதராஜன் சார் யாரையும் நோகடிக்கத் தெரியாத மனிதர், அவர் கண்டுபிடித்த வழி முறை வைத்துக்கொள்வது, இந்த வருடம் நீ, அடுத்த வருடம் அவன், கோயில் திருவிழாவில் நாளுக்கொருவர் எடுத்து நடத்துகிற மண்டகப்படி மாதிரி, முறை வருகிறவனுக்குக் கடா என்று பெயர், கடாவின் கழுத்தில் அடையாள அட்டைக்கு மேலே ஒரு மல்லிகைச் சரத்தைப் போட்டு நாவலூருக்குக் கூட்டிப்போய் மற்ற ஆறு பேரும் பிரியாணி வாங்கிக் கொடுப்போம், முட்டை இரண்டு, யாரும் அதை அவமானமாக நினைத்ததில்லை, ஒருவன்மேலேயே நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவமானம்கூட ஒரு விளையாட்டுதான், ஆசீர் கடாவாக இருந்ததற்கு அடுத்த வருடம் என்னுடைய முறை, அந்த வருடம் பார்த்துத்தானா வரதராஜன் சார் ஓய்வுபெற வேண்டும், அவருடைய நாற்காலிக்கு என் பெயர் அடிபட வேண்டும், கடைசி மார்க்காரனை யார் நாற்காலியில் உட்காரவைப்பார்கள், காபி மெஷின் பக்கத்தில் நிற்கிறோம், டே ஆசீர், இந்த ஒரு வருஷம் மட்டும் முறைய மாத்திக்கலாமாடா, என்று கேட்கிறேன், சிரித்துக்கொண்டே கேட்கிறேன், சிரித்துக்கொண்டே கேட்டால் கேட்டதாகவே ஆகாது என்று ஒரு நம்பிக்கை எனக்கு, அவன் காபியை ஊதியபடி, சரிலே, எனக்கென்ன, ரெண்டாவது வருசமும் பிரியாணி, நீ மேனேஜரா ஆனா எனக்கு லீவு கேக்கச் சுளுவா இருக்கும்லா, என்கிறான், அந்த வருடமும் அவன் கழுத்தில் மல்லிகை, நான்தான் வாங்கி வந்தேன், ஒரு முழம் கூடவே வாங்கினேன், தாராளம்.

நான் மேலாளர் ஆனேன், ஆனபிறகு கடல் கடந்த ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் ஆட்களைக் குறைக்கலாம் என்று முடிவு செய்து, அடுத்தடுத்து இரண்டு வருடம் கடைசி மார்க் வாங்கியவர்களைப் பிரித்தெடுத்து ஒரு தாள் அனுப்பினார், மூன்றாவது வரிசையில் ஆசீர், மஞ்சளை நான் பூசவில்லை, மஞ்சளாகவே வந்தது, ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு காலிக் கட்டம், மேலாளரின் கருத்து என்று, நான் அதில் தட்டினேன், இதில் ஒரு மார்க் அவனுடையது இல்லை, என்னுடையது, என்று, அழித்தேன், மறுபடி தட்டினேன், எழுதினால் முறை வைத்துக்கொண்டது வெளியே வரும், வரதராஜன் சார் பெயர் கெடும் என்று சொல்லிக்கொண்டேன், எனக்கு எப்போதும் என் பயத்துக்கு அடுத்தவர் பெயரைப் போடுவதில் நல்ல தேர்ச்சி, கடைசியில் கருத்து எதுவும் இல்லை என்று எழுதி அனுப்பினேன், மனிதவளத் துறை ஷர்மிளாவிடம், இது நியாயமாங்க, என்று கேட்டேன், உங்க உணர்வுகள நாங்க மதிக்கிறோம், என்றாள், எனக்கு மேலே இருந்தவரிடம் கேட்டேன், நல்ல கேள்வி, தனியாப் பேசுவோம், என்றார், பேசவில்லை, மூன்று வாரம் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு, கூடவே சொல்ல வேண்டியது, கூடாதது என்று இரண்டு பக்கம், வருந்துகிறேன் என்று சொல்லக் கூடாது, புரிகிறது என்று சொல்லக் கூடாது, தோளைத் தொடக் கூடாது, நல்ல மாணவன் நான், மனப்பாடம் செய்தேன்.

திரையில் பெயரைக் காட்டியதற்கு எனக்கு என்ன தண்டனை என்கிறீர்கள், ரகசியம் காப்பது எப்படி என்று நாற்பது நிமிடப் பாடம், முடிவில் பத்துக் கேள்வி, பத்துக்குப் பத்து எடுத்தேன், சான்றிதழ் வந்தது, அன்று மத்தியானமே ஆசீரை அழைத்து இரண்டு பக்கத்தையும் வாசித்தேன், இது உங்கள் உழைப்பைப் பற்றிய தீர்ப்பு அல்ல, என்று ஆசீரை நான் உங்கள் என்றேன், பத்தொன்பது வருடத்தில் முதல் மரியாதை, அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, லேப்டாப்ப எங்கலே குடுக்கணும், என்றான், அவ்வளவுதான் கேட்டான்.

இப்போது அடிக்கடி ஒரு கனவு வருகிறது, கனவா, விழித்துக்கொண்டே நினைப்பதா, பிரித்துச் சொல்ல முடிவதில்லை, பஸ் சோழிங்கநல்லூர் தாண்டிப் போகிறது, ஜன்னலோரம் நான், இருக்கைகளெல்லாம் காலி, ஒவ்வொரு இருக்கைமேலும் ஒரு முழம் மல்லிகை, ஓட்டுநர் திரும்பாமலே, அடுத்த முறை யாருடையது, என்று கேட்கிறார், என்னுடையது என்று கத்துகிறேன், குரல் வரவில்லை, என் ஒலியை நானே அணைத்துவைத்திருக்கிறேன், எழுந்து பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை, ஞாயிறென்றால் மேடவாக்கம், ஏழு மாதமாக ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஆசீர் வீட்டுக்குப் போகிறேன், மாதுளம்பழமோ, வேலை காலி என்று எங்கோ பார்த்த விளம்பரமோ, இரண்டும் கிடைக்காத வாரம் வெறும் நகைச்சுவையோ கொண்டுபோகிறேன், ஒரு தடவை எங்கள் கம்பெனியிலேயே ஆள் எடுக்கிறார்கள் என்ற விளம்பரத்தை அவனுக்கு அனுப்பிவைத்தவன் நான், அவன் மனைவி ஜெபா, வாங்கண்ணே, என்று சொல்லிக் காபி வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள், பன்னிரண்டாவது படிக்கிற மகள் பெர்லின், ஹாய் அங்கிள், என்று காதில் மாட்டியதைக் கழற்றாமல் சொல்கிறாள், நான் ஆபீஸ் கதைகளைச் சொல்கிறேன், ஆசீர் சிரிக்கிறான், எல்லா நகைச்சுவைக்கும் சிரிக்கிறான், சுமாரானதுக்கும், என்னடா, என்மேல கோவமா, என்று ஒவ்வொரு தடவையும் விளையாட்டாகக் கேட்கிறேன், போலே, காபி ஆறுது, என்கிறான், அதையே ஆமென்றும் இல்லையென்றும் வைத்துப் பார்த்தபடி வண்டியில் திரும்புகிறேன், கம்பெனியில் பதில் சொல்வதுபோலவே இவனும் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டானே என்று நினைக்கிறேன்.

போன ஞாயிறும் அப்படித்தான், கிளம்பும்போது என்னோடு கீழே இறங்கி வருகிறான், என் வண்டியைச் சுற்றி இரண்டு ஸ்கூட்டர்கள், அவனே ஒவ்வொன்றாக நகர்த்தி வழி செய்கிறான், எனக்கு அந்த முதுகைப் பார்த்ததும் என்னவோ ஆகிவிட்டது, ஆசீர், என்ன மன்னிச்சிட்டியாடா, என்று கேட்டேன், இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை, சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை, தேடினேன், இல்லை, அவன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பினான், கையைச் சட்டையில் துடைத்தான், இல்லலே, என்றான், முறைய மாத்துனது எனக்கு ஒண்ணுமில்ல, நானும் சரின்னு சொன்னதுதான, கம்பெனி அனுப்புனதும் உன் கையில இல்ல, ஆனா பட்டியல் வந்தப்புறம் அந்த மூணு வாரத்துல ஒருநா பெர்லின் பொறந்தநாளுக்கு வந்த, என் பக்கத்துல ஒக்காந்து சாப்பிட்ட, ஜெபா ஒனக்கு ரெண்டாந்தடவ மீன் வச்சா, நல்லாருக்கு தங்கச்சின்னு சொல்லி வாங்கித் தின்ன, எல்லாந் தெரிஞ்சுக்கிட்டே தின்ன, அதத்தாம்லே என்னால முடியல, நீ வந்துட்டுப் போனா அன்னைக்கு முழுக்க அவ பேச மாட்டா, நான் பிள்ளைக்காகச் சிரிச்சுக்கிட்டிருக்கேன், எனக்கு வாயி வலிக்கி, இனிமே வராத, என்றான், சொல்லிவிட்டு என் வண்டியைப் பின்னால் பிடித்துத் தெருப்பக்கம் திருப்பிக் கொடுத்தான், முக்குல பள்ளம் தோண்டிப் போட்டிருக்கான், எடதுபக்கமா ஒடிச்சுப் போ, என்றான்.