கைவிடு வீச்சு

ஒருவன் இன்னொருவனை நிலத்தில் அடித்ததைப் பார்த்துவிட்டு, "தூக்கிப் போட்டான்" என்று மட்டும் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எப்படித் தூக்கினான்? தோளாலா, இடுப்பாலா, காலைத் தட்டியா? மீன் விஷயத்தில் மட்டும் இந்தச் சனம் ஓராவையும் ஒட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லும். மனிதன் விழுவதில் எல்லாம் ஒன்றுதான்.

என் பெயர் கிறகோரி. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பதினாறு வருடம் கிளாக்கராக இருந்தேன். அங்கே சலூன் வைத்திருந்த ஒரு யப்பானியனிடம் யூடோ என்ற அவர்களுடைய மல்யுத்தத்தைப் பழகினேன். 1934இல் குருநகருக்குத் திரும்பி வந்து, வலை காயப்போடும் வெளிக்குப் பக்கத்தில் மணலில் பாய் விரித்து, கடற்றொழில் செய்யும் ஏழெட்டுப் பேருக்குப் பழக்கத் தொடங்கினேன். பிடித்து இழுத்தால் கிழியாத சட்டை வேண்டுமென்று வள்ளத்துப் பாய்ச்சீலையில் தைப்பித்தோம். யப்பானியப் பெயர்கள் அவர்கள் வாயில் நுழையவில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் நானே தமிழில் பெயர் வைத்துக் கொப்பியில் எழுதினேன். மொத்தம் நாற்பத்தொன்று. அந்தக் கொப்பியில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

தோள் வீச்சில் மட்டும் நான்கு வகை எழுதியிருந்தேன். இரட்டைப்பிடி, ஒற்றைத்தோள், முழங்கால், கைவிடு. முதல் மூன்றிலும் எதிராளியை முதுகில் ஏற்றிப் புரட்டும்போது, அவனுடைய சட்டைக் கையை உன் இடக்கை கடைசிவரை மேலே இழுத்துப் பிடித்திருக்கும். அந்தப் பிடி இருந்தால் அவன் முதுகடிபட விழுவான், எழும்பிப் போவான். நடுவில் விட்டால் தலைதான் முதலில் நிலத்துக்கு வரும். அதுதான் நான்காவது. செய்யக்கூடாது என்று சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தேன்.

1937ஆம் வருடம் உயிர்த்த ஞாயிறு பின்னேரம் ஊர் கூடிநிற்க ஒரு போட்டி வைத்தோம். கடைசிச் சோடி செபநாயகமும் வஸ்தியானும். இரண்டு பேரும் முப்பது தாண்டியவர்கள், பிள்ளைகுட்டிக்காரர். இரண்டு கிழமைக்கு முன்னர் அறுந்த வலையொன்றைப் பற்றிக் கரையில் வாய்ச்சண்டை வந்து, "உன்ரை கழுத்தை முறிப்பன்" என்று செபநாயகம் கத்தியதைக் கரையில் நின்ற எல்லோரும் கேட்டிருந்தார்கள். பாயில் பிடித்தால் கோபம் தீர்ந்துவிடும் என்று நினைத்தது நான்தான்.

செபநாயகம் தோள் வீச்சுக்குத்தான் புகுந்தான். வஸ்தியான் அவன் முதுகுக்கு மேலே போனான். அந்த நேரத்தில் செபநாயகத்தின் இடக்கை விரல்கள் விரிந்ததை நான் எட்டு முழத் தூரத்தில் நின்று கண்டேன். வஸ்தியான் தலைகீழாக இறங்கினான். சனம் கைதட்டியது. அவன் எழும்பாததைக் கண்டபிறகும் கொஞ்சப்பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய மனைவி மக்டலீன் ஓடிவந்து தலையைத் தூக்கியபோது, அது தூக்கிய பக்கமெல்லாம் போனது.

கோட்டில் கொலை வழக்கு ஒரே கேள்வியில் வந்து நின்றது. தவறி நடந்ததா, வேண்டுமென்று செய்ததா? அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் யாழ்ப்பாணத்தில் நான் ஒருவன்தான். நான் சாட்சி சொல்வதற்கு முதல்நாள் வேலிக்கு அப்பால் நின்று செபநாயகத்தின் மனைவி அருமைநாயகி கேட்டாள்.

"அண்ணை, அவருக்காண்டி ஒரு நல்ல சொல்லுச் சொல்லுவியளோ?"

"கண்டதைச் சொல்லுவன் பிள்ளை. கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்" என்றேன். இப்போது அதை எழுதும்போது வாயைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

சாட்சிக்கூட்டில் ஏறியதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. அரசாங்கத்துக்காக வாதாடிய அப்புக்காத்து வெகு மரியாதையாகக் கேட்டார். கோட்டுச் சேவகனைக் கூப்பிட்டு நிறுத்தி, அவன் சட்டைக் கையைப் பிடித்து, ஒவ்வொரு வகையையும் பாதியில் நிறுத்திக் காட்டினேன். நீதிபதித் துரை பேனையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாகப் படித்த மனிதர்கள் என் நாற்பத்தொன்றையும் கவனித்துக் கேட்கிறார்கள். நான் இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

"அன்று நடந்தது இதில் எது?"

"நாலாவது. கைவிடு வீச்சு."

துரை அந்தப் பெயரை இன்னொருமுறை சொல்லச்சொல்லி எழுதிக்கொண்டார். செபநாயகத்தின் அப்புக்காத்து எழும்பி, "கை தானாக நழுவியிருக்கலாம் அல்லவா?" என்று கேட்டார். ஓம் என்ற ஒரு சொல் போதும், செபநாயகம் தப்பிவிடுவான். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் மூன்று வருடம் பழக்கிய பிடியை இவர் பழுது சொல்கிறாராம்.

"என்னட்டைப் பழகினவனுக்குக் கை தானா விடாது, ஐயா."

கூண்டில் நின்ற செபநாயகம் என்னை நிமிர்ந்து பார்த்தான். பத்து வருடம் கடூழியச் சிறை.

தீர்ப்பு வந்த மூன்றாம் நாள் காலையில் அருமைநாயகி என் வீட்டுக்குள் நேராக வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அவருக்கு இடக்கை ஏலாது, அண்ணை. உள்ளங்கையிலை கெளிறு மீன்ரை முள்ளுக் குத்தி, விரல் மடக்கேலாமல் கிடந்தவர்."

"எப்ப குத்தினது?"

"பெரிய வெள்ளி. போட்டிக்கு ரெண்டு நாளுக்கு முந்தி."

எனக்கு விளங்கிவிட்டது. பெரிய வெள்ளிக்குக் குருநகரில் ஒரு வள்ளமும் இறங்காது. ஆண்டவர் சிலுவையில் கிடக்கும் நாளில் கடலில் வலை போட்டவன் என்றால், அவன் பிள்ளைக்குப் பெண் கொடுக்கவும் ஆள் வராது. கடல் முழுக்கத் தனக்கு என்ற ஆசையில் செபநாயகம் விடியமுன் களவாகப் போயிருக்கிறான். கெளிறு முள்ளுக் காயத்தை எங்கள் ஊரில் குழந்தையும் அடையாளம் காணும். போட்டிக்கு வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். கையைக் காட்டினால் எப்போது என்று கேட்பார்கள். ஆகவே கையைப் பொத்திக்கொண்டு பாயில் இறங்கினான். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்த நான் அந்தக் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"கோட்டிலையாவது சொல்லியிருக்கலாமே!"

"வஸ்தியான் செத்தது அந்தப் பாவத்துக்குத் தண்டனையெண்டு வாயைத் திறக்கேல்லை. அதோடை, கிறகோரி அண்ணை பார்த்தவர், கை நழுவினதெண்டு அவருக்குத் தெரியும், அவர் சொல்லுவார் எண்டு இருந்தவர்."

தேசாதிபதியான கவர்னருக்கு மனுப்போடலாம் என்று செபநாயகத்தின் வழக்கைப் பார்த்த பிரக்கிராசி சொன்னார். நான் சொன்னது பிழை என்று நான் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தேன். கையில் காயம் இருந்தது, பிடி தானாக விட்டது என்று செபநாயகமும் சத்தியம் செய்து கையெழுத்து வைக்க வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு மறியல் வீட்டுக்குப் போனேன்.

செபநாயகத்துக்கு மொட்டை அடித்திருந்தார்கள். கம்பிக்கு அங்கால் நின்று நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான்.

"பெரிய வெள்ளிக் கதை வெளியிலை வரட்டும், அதைப்பற்றி இனி என்ன" என்றான். "ஆனா நான் கையெழுத்து வைக்கமாட்டன், அண்ணை."

"ஏன்ரா?"

"கை தானா விட்டதெண்டு முந்தி எனக்கு நல்லாத் தெரியும். நீங்கள் கோட்டிலை அந்தப் பேரைச் சொன்னாப்போலை யோசிக்கத் துவங்கினன். வஸ்தியானிலை எனக்குக் கோவம் இருந்தது, பொய்யில்லை. நோவிலை விட்டனோ, கோவத்திலை விட்டனோ எண்டு இப்ப எனக்கே தெரியேல்லை. நீங்கள் பிழையாப் பேர் சொன்னதை நான் ஒருநாளும் கண்டதில்லை. தெரியாததுக்கு எப்பிடிச் சத்தியம் பண்ணுறது?"

கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். காவற்காரன் பார்த்தான், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செபநாயகம் சாதாரணமாகக் கேட்டான்: "கைவிடு வீச்சுக்கு யப்பான் பாசையிலை என்ன பேர், அண்ணை?"

சிங்கப்பூரில் நானும் இதைத்தான் கேட்டிருந்தேன். பிடி நழுவினால் அது பிழை, பிழைக்கு என்ன பெயர் என்று அந்த யப்பானியன் சிரித்தான். வகை ஒன்று கூடட்டும் என்று நான் கொப்பியில் இலக்கம் போட்டேன்.

"அவங்களிட்டை அதுக்குப் பேர் இல்லை. அப்பிடி ஒரு வீச்சே இல்லை. நான்தான் வைச்சனான்."

அவன் கம்பிக்குக் கிட்ட வந்தான்.

"அதை நீங்கள் கோட்டிலை சொல்லேல்லையே" என்றான்.

இன்னும் பத்து நிமிடம் கதைக்க நேரம் இருந்தது. அவன் காவற்காரனைக் கூப்பிட்டு, தன்னை உள்ளே கொண்டுபோகச் சொன்னான். நான் மனுத்தாளை நீட்டியபடி நின்றேன். அவன் திரும்பி வரவில்லை.