அடி தெரியும் தண்ணீர்

குளத்தில் இறங்குவதற்கு முன் திலகம் அக்கா குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். பிறகு ஈர விரல்களைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். போச்சு, காரியம் கெட்டது என்று நினைத்தேன். வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லிக் கூட்டி வந்திருந்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்காராதே, பையில் சோறு கட்டி வராதே, யாராவது பார்த்தால் சிரித்துத் தொலைக்காதே, காசு உள்ளவர்கள் முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள் என்றெல்லாம் சொன்னவள், தண்ணீரைக் கும்பிடாதே என்று சொல்ல மறந்துவிட்டேன். அறை எடுத்துத் தங்குகிற எவரும் நீச்சல் குளத்தைத் தொட்டுக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆற்றில் இறங்கினாலும் கோயில் குளத்தில் இறங்கினாலும் அப்படிச் செய்துதான் எங்களுக்குப் பழக்கம். கை தன்னாலே போய்விடும்.

கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் பக்கம், கடலோரத்தில் இருந்தது அந்த ரிசோர்ட். கடலோரம் என்று பெயர்தான். தண்ணீர் இறங்கிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. நண்டும் கொக்கும் தவிர யாரும் அதில் கால் வைக்க முடியாது. கடலை நம்பி வந்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டு திரும்பிப் போகக் கூடாதே என்றுதான் முதலாளி அந்த நீலக் குளத்தைக் கட்டியிருந்தார். எண்பத்தாறாம் வருஷம் அது. எல்லா இடத்திலும் வேலை குறைந்து, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். ரிசோர்ட்டில் பாதி அறை பூட்டியே கிடந்தது. நான் அறைகளைக் கூட்டி, படுக்கை விரித்து, குளத்தங்கரையில் நிழல் குடை விரித்து, துவாலை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

தங்காதவர்கள் குளத்தில் இறங்கக் கூடாது என்று மூன்று மொழியில் பலகை மாட்டியிருந்தார்கள். தமிழில் இல்லை. நாங்களெல்லாம் அந்தப் பக்கம் வருவோம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்தில் மிதந்தவர்களில் பாதிப் பேர் தங்காதவர்கள்தான். கோலாலம்பூரிலிருந்து காடி ஓட்டிக்கொண்டு வருவார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே என்னிடம் துவாலை கேட்பார்கள், நானும் கொடுப்பேன். மோட்டார் சைக்கிளில் வருகிறவனிடம் மட்டும்தான் அறை நம்பர் என்ன என்று கேட்பார்கள். முந்தின மாதம் சமையல்கட்டில் வேலை செய்த பெண் தன் சித்தி மகளைக் கூட்டி வந்து குளத்தில் இறக்கினாள் என்று அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார் மேனேஜர். அப்படியிருந்தும் அக்கா கேட்டபோது என்னால் முடியாது என்று சொல்ல வரவில்லை.

மகன் சேது போன பிறகு அவள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. வருஷத் திதி முடிந்த மறு வாரம், செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டு வந்து லயத்து வீட்டு வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தவள், முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"அம்சா, ஒங்க ரிசோர்ட்டுல குளம் இருக்குன்னியே. அடி தெரியுமா?"

"பளிச்சுன்னு தெரியும். ஒரு காசு விழுந்தாகூட எடுத்துக்கலாம்."

"என்னைய ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போறியா?"

நான் சந்தோஷப்பட்டேன். ஒரு வருஷமாக எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தவளுக்கு ஏதோ ஓர் ஆசை வந்திருக்கிறதே என்று சந்தோஷம். அந்த ஆசை என்னவென்று நான் கேட்கவில்லை.

சேது அவளுக்கு ஒரே பிள்ளை. சுங்கை புரோங்கில் அத்தானின் தங்கை காளியம்மா வீட்டில் காதுகுத்து. வீட்டுக்குப் பின்னால் வயலுக்குத் தண்ணீர் போகும் பெரிய வாய்க்கால். விருந்து முடிந்து பெண்கள் நாலைந்து பேர் கரையில் உட்கார்ந்து அண்டா குண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம். அக்கா அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தாள். தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோர் ஒருவர் தலையில் குல்லாவோடு சைக்கிளிலிருந்து விழுந்த கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கொஞ்ச தூரத்தில், வாய்க்கால் திரும்புகிற இடத்தில் சேது தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். பாத்திரங்களைக் கழுவி முடித்து அவனைக் கூப்பிட்டபோது தூண்டில் மட்டும் கரையில் கிடந்தது.

உடலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட அன்று காளியம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்கு நடுவே, "புள்ள கூப்பிட்டிருப்பானே, அம்மா அம்மான்னு கூப்பிட்டிருப்பானே, பேச்சு மும்முரத்துல காதுல விழாமப் போச்சே" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. துக்க வீட்டில் வாய்க்கு வந்ததைச் சொல்லி அழுவதுதானே. ஆனால் அந்த வார்த்தை அக்காவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அத்தான் நடராஜா அதை இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. லோரியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார், வந்தார், தட்டில் போட்டதைத் தின்றார். ஒரு தடவையாவது அவர் அவளைத் திட்டித் தீர்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

அதற்குப் பிறகு அக்கா வீட்டில் ரேடியோ பாடவில்லை. நாலு பெண்கள் சேர்ந்து பேசுகிற இடத்தில் அவள் நிற்க மாட்டாள். சோறு வடித்துக்கொண்டிருப்பவள் சட்டென்று நிறுத்தி, "யாரோ கூப்பிட்டாங்களா?" என்பாள். பஸ்ஸில் போகும்போது கேட்பாள். கோயிலில் மேளம் அடிக்கும்போது கேட்பாள். இல்லைக்கா என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப் போனது. சில நாள் எரிச்சலும் வரும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவளைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போனேன். புடவையோடு இறங்க முடியாது. அறையில் யாரோ விட்டுப் போன சட்டையும் கால்சட்டையும் சலவை அறையில் கிடந்தன. சட்டையில் பெரிய பச்சைக் கிளி படம். முப்பத்தெட்டு வயதில் என் அக்கா அந்தக் கிளியைப் போட்டுக்கொண்டு, கொண்டையை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் உருண்டு புரண்டு சிரித்திருப்போம். கழுத்துக்குக் கீழே முதுகில் சுமக்கிற மருந்துத் தொட்டியின் வார் அழுத்திய தழும்பு தெரிந்தது. சட்டையை இழுத்து அதை மறைத்துவிட்டேன்.

அவள் தண்ணீரைக் கும்பிட்டதைக் காவலுக்கு இருந்த ஜாகா முருகையா பார்த்துவிட்டார். கேட் பக்கமிருந்து மெதுவாக நடந்து வந்தார். அவரும் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்தான். பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு அம்சா இது? எந்த ரூமு?"

எனக்கு ஒரு நம்பரும் வாயில் வரவில்லை. "அக்காதாண்ணே. எங்கூடப் பொறந்த அக்கா" என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். அவள் படிக்கட்டில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, எங்கள் பேச்சைக் கேட்காதவள் போல் குளத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளையத் தண்ணிக்குக் குடுத்தது இவங்கதானே?" என்றார் முருகையா. ஊருக்கே தெரிந்த விஷயம். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. "மேனேஜர் சாப்பிடப் போயிருக்காரு. அவரு காடி வர்றதுக்குள்ள ஏத்திரு லா. நீ மட்டும் உள்ள கால வச்சிராத. வேலைக்காரங்க எறங்குனா அதோட முடிஞ்சிச்சி, நான்கூட ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் திரும்பிப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

குளத்தில் வேறு யாரும் இல்லை. வெயில் தண்ணீரில் விழுந்து அடியில் வலை வலையாக ஆடியது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். மார்பளவு வந்ததும் நின்றாள். பயப்படுகிறாளோ என்று பார்த்தேன். பயமில்லை. வேலைக்கு வந்தவள் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்து இடத்தை அளந்தாள்.

"அம்சா, அந்தக் கொடகிட்டப் போயி நில்லு."

"எதுக்கு?"

"அவ்ளோ தூரந்தான் இருக்கும். நீ அங்க நில்லு. நான் உள்ள போயிக் கூப்பிடுறேன். கேக்குதான்னு பாரு."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அடி தெரியுமா என்று ஏன் கேட்டாள், இத்தனை நாள் கழித்து ஏன் தண்ணீருக்கு வந்தாள் என்று எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. வீட்டுத் தொட்டியில் முங்க முடியாது. வாய்க்கால் பக்கம் அவள் தனியாகப் போனால் ஊரே பின்னால் ஓடி வரும். தண்ணீருக்குள்ளிருந்து சேது கூப்பிட்டிருந்தால் அந்தத் தூரத்துக்குக் கேட்டிருக்குமா என்று பார்க்கத்தான் ஒரு வருஷமாக அவள் தண்ணீர் தேடியிருக்கிறாள்.

"வேணாங்கா. ஏறி வா. வீட்டுக்குப் போவோம்."

"போயி நில்லுடி."

போய் நின்றேன். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தாள். தலை மறைந்தது. கட்டியிருந்த முடி மட்டும் மேலே அசைந்தது. பிறகு குமிழிகள் வந்தன.

எனக்குக் கேட்டது.

வார்த்தையாக இல்லை. மூடிய கதவுக்குள் யாரோ காய்ச்சலில் முனகுகிற மாதிரி ஒரு சத்தம், சின்னதாக. காது கொடுத்து நின்றதால் கேட்டது. சிரித்துக்கொண்டு பாத்திரம் தேய்த்திருந்தால் கேட்டிருக்காது. இருந்தாலும் கேட்டது கேட்டதுதான். தண்ணீருக்குள்ளிருந்து என் அக்கா அம்மா என்று கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அவள் எழுந்து மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஒழுக இருமினாள். இருமல் நிற்பதற்குள்ளேயே என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் கேக்கலக்கா" என்றேன்.

"சும்மா சொல்லாத."

"சத்தியமா ஒண்ணும் கேக்கல. முட்ட முட்டயா வந்துச்சி. அவ்ளோதான்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சின்ன வயதிலிருந்து பொய் சொன்னால் மூக்கைத் தொடுவேன். அன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றேன். பொய் என்று தெரிந்துகொள்ள அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

"எனக்காகச் சொல்லுற" என்றாள் அக்கா. கோபமில்லை. "நீ எனக்காக என்னா வேணும்னாலும் சொல்லுவ. காளியம்மா எனக்கு ஆவாதவ, அப்புடிச் சொன்னா. நீ எனக்கு வேண்டியவ, இப்புடிச் சொல்லுற. நான் யாரத்தான் கேக்குறது?"

அவள் ஏறி வந்தாள். கிளி உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் நீட்டிய துவாலையை அவள் வாங்கவில்லை.

"நீ எறங்கு. நான் என் காதால கேக்குறேன்."

"அக்கா, எனக்கு நீச்சல் தெரியாது."

"எனக்குந்தான் தெரியாது. கம்பியப் புடிச்சிக்க."

"வேலை போயிரும்க்கா."

அவள் கெஞ்சவில்லை. ஈரத் தலையோடு வெயிலில் நடுங்கிக்கொண்டு நின்றாள். இவளை இப்படியே கூட்டிப்போய் லயத்தில் விட்டால், சாகிற வரைக்கும் யாரோ கூப்பிட்டார்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. செருப்பைக் கழற்றினேன். யூனிபாரத்தோடு படியில் கால் வைத்தேன். கேட் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது.

"அம்சா, மேனேஜர் காடி லா" என்று முருகையா இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

ஏறிவிட்டிருக்கலாம். இன்னும் முழங்கால் கூட நனையவில்லை. அக்கா குடையை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நான் இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மாருக்கு வந்தது. துணி கனத்தது.

"அம்மான்னு கூப்பிடு" என்றாள் அக்கா குடையடியிலிருந்து. "நல்லா பலமா."

இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காது அடைத்துக்கொண்டது. கண்ணைத் திறந்தால் எரிந்தது, ஆனாலும் திறந்தே வைத்திருந்தேன். குமிழி வராவிட்டால் அவள் நம்ப மாட்டாள். அதனால் வாயைத் திறந்து, உதட்டைக் குவித்துப் பிரித்து, கூப்பிடுகிற மாதிரியே காற்றை மட்டும் விட்டேன். சத்தம் தொண்டையை விட்டு வராமல் பார்த்துக்கொண்டேன். அது லேசில்லை. காற்று தீரத் தீர நெஞ்சு முட்டியது. யாரையாவது கூப்பிடு, கூப்பிடு என்று உடம்பு முழுக்கத் துடித்தது. அக்கா என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சேதுவுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்தபோது என்னால் தாங்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கம்பியை விடாமல் இருந்தேன்.

மேலே ஒரு பச்சை அசைந்தது. அவளால் குடையடியில் நிற்க முடியவில்லை. விளிம்புக்கே வந்துவிட்டாள். மண்டியிட்டாள். யாரோ தூரத்திலிருந்து ஓடி வருவது தரை வழியாகத் தண்ணீரில் அதிர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கலைந்து விழுந்த ஈர முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கன்னம் தண்ணீரில் படும் அளவுக்கு இன்னும் குனிந்தாள்.