ஐந்து பேருக்கான தொட்டி

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் சிமெண்ட் உறை வார்க்கும் ஒரு கம்பெனியில் கேரண்டி பார்க்கிற வேலை எனக்கு. கம்பெனிக் காகிதத்தில் ‘இன்ஸ்பெக்டர் கண்ணையன்’. தெருவில் கக்கூஸ் இன்ஸ்பெக்டர். சாயங்காலம் வீடு திரும்பினால் என் சம்சாரம் கிணற்றடியைத்தான் கை காட்டுவாள். தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் என்னை வாசற்படி ஏற விடமாட்டாள்.

எங்கள் சரக்கு செப்டிக் டேங்க். மூன்று உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குழிக்குள் இறக்கி, மேலே மூடி போட்டுப் பூசிவிடுவோம். ஐந்து வருஷம் கேரண்டி. கையில் ஒரு மஞ்சள் அட்டை கொடுப்போம். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் மூன்று நிபந்தனைகள்: ஆசிட் ஊற்றக்கூடாது, மூடியைத் திறக்கக்கூடாது, வீட்டில் ஐந்து பேருக்கு மேல் குடியிருக்கக்கூடாது. ஆறாவதாக ஒரு ஆள் வசித்தால் அட்டை செல்லாது.

“மொதல்ல ஆள எண்ணு, அப்பறம் தொட்டியப் பாரு” என்பார் முதலாளி தணிகாசலம். கெட்டிக்காரர். ஐந்து பேரோடு நிற்கிற வீடு நம் ஊரில் எங்கே இருக்கிறது? மச்சினன் வந்து ஒட்டியிருப்பான், தங்கச்சி மகள் டைப்ரைட்டிங் படிக்க வந்து தங்கியிருப்பாள். முக்கால்வாசி வீடுகளில் தொட்டியை எட்டிப் பார்க்காமலேயே வேலை முடிந்துவிடும். கொடியில் காய்கிற துணியையும் வாசலில் கிடக்கிற செருப்பையும் பார்த்தே ஆள் கணக்கைச் சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணி மாதத்தில் உழவர்கரை கலியபெருமாள் வீட்டிலிருந்து மூன்றாவது கடிதம் வந்தது. தொட்டி வெடித்துக் கசிகிறது, பதினைந்தடி தள்ளியிருக்கிற கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது, மழைக்கு முன்னால் மாற்றித் தர வேண்டும் என்று எழுதியிருந்தார். மனுஷன் மில் தொழிலாளி. ஆறு மாதமாக லே-ஆஃப். புதுத் தொட்டி போட அவர் எங்கே போவார்?

முதலாளி கடிதத்தை என் பக்கம் தள்ளி, “போய் முடிச்சிட்டு வா” என்றார். முடிப்பது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் இந்த வீட்டு விஷயத்தில் எனக்கு வயிற்றெரிச்சல் இருந்தது. அந்த உறைகள் மூன்று வருஷத்துக்கு முன்னால் அடைமழையில் வார்த்தவை. ஆற்று மணல் கிடைக்காமல் கடற்கரை மணலை அள்ளி வந்து, அலசாமல் அப்படியே கலந்தார்கள். உப்பு மணல் நிற்காது என்று சொன்னேன். “நீ மொதலாளியா, நான் மொதலாளியா?” என்று கேட்டார். அந்த வீட்டுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியதை இந்த ஒரு தடவையாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே சைக்கிளை மிதித்தேன்.

ஓட்டு வீடு. வாசல் தூணில் ஒரு தகரப் பலகை: ‘அஞ்சலாட்சி, பெண்கள் தையல்’. வெயில் பட்டு எழுத்து வெளுத்திருந்தது. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம்.

கலியபெருமாள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவர் சம்சாரம் ஜெயம் மோர் கொண்டுவந்தாள். “தண்ணி பக்கத்து வூட்ல எடுத்தது, பயப்படாம குடிங்க தம்பி” என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

“வீட்டுல எத்தனை பேருங்க?” என்று ஆரம்பித்தேன்.

“அஞ்சு பேரு” என்றாள் ஜெயம். என் கேள்வி முடியவே இல்லை. “நானு, அவரு, பெரியவன், அவம் பொண்டாட்டி, சின்னவன்.”

மெஷின் சத்தம் நின்றது.

நான் பக்கத்து அறையைப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, மடியில் பாதி தைத்த ரவிக்கையோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“அது எம் பொண்ணுங்க” என்றாள் ஜெயம். “அஞ்சலாட்சி. விக்கிரவாண்டி பக்கம் கட்டிக் குடுத்திருக்கோம். விருந்தாடி வந்திருக்கா. ரெண்டு நாள்ல போயிடுவா.”

கலியபெருமாள் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளிக்குப் பெயர்ப் பலகை மாட்டி, அது வெயிலில் வெளுக்கிற வரை யார் வைத்திருப்பார்கள்? அடுத்த தெருவில் சைக்கிளுக்குக் காற்றடித்தபோதே கடைக்காரன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கட்டிக் கொடுத்த இடத்தில் அடி, உதை. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான்கு வருஷத்துக்கு முன்னால் வந்தவள், திரும்பிப் போகவில்லை. லே-ஆஃப் வந்த நாளிலிருந்து அவள் மெஷின்தான் அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது. எல்லாம் தெரிந்தும், நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். பொய்யை அவர்களே சொல்லிவிட்டார்கள். நான் எழுதிக்கொண்டால் போதும்.

“ரேஷன் கார்டு குடுங்க” என்றேன். அதில் ஐந்து பெயர்தான் இருந்தது. கல்யாணத்தின்போது அடித்த மகள் பெயரைத் திரும்பச் சேர்க்கவில்லை. இதைவிட நல்ல சாட்சி வேறு வேண்டுமா?

தோட்டத்துக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தேன். ஒரு பக்கத்து மண்ணைத் தோண்டி வைத்திருந்தார்கள். நடு உறை கை நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. விரலால் சுரண்டினேன், மணலாக உதிர்ந்தது. எங்கள் குற்றம்தான், சந்தேகமே இல்லை. திரும்பி வந்து ஃபாரத்தை நிரப்பினேன். ஐந்து பெயர்களையும் எழுதி, கீழே இருந்த உறுதிமொழியை உரக்கப் படித்தேன். கையெழுத்துக்கு முன்னால் படித்துக் காட்ட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம்.

“‘இவ்வீட்டில் நிரந்தரமாக வசிப்பவர்கள் மேற்கண்ட ஐவர் மட்டுமே. வேறு எவரும் இல்லை.’ இங்க கையெழுத்துப் போடுங்க. பத்து நாள்ல புது உறை வந்துரும்.”

ஜெயம் கண்ணை மூடி யாரையோ கும்பிட்டாள். கலியபெருமாள் பேனாவை வாங்கினார்.

அப்போது அந்தப் பெண் அறையிலிருந்து வெளியே வந்தாள். புடவை மாற்றியிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

“அம்மா, நான் கெளம்பறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சி. எங்க வூட்ல தேடுவாங்க.”

பையில் ஒன்றுமில்லை. சப்பையாகத் தொங்கியது. பொய்யை நான் நம்ப வேண்டுமே என்று அந்தப் பெண் தன்னையே வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போய்ட்டு வாம்மா” என்றாள் ஜெயம்.

அஞ்சலாட்சி செருப்பை மாட்டினாள். படி இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள்.

கலியபெருமாள் பேனாவைக் கீழே வைத்தார்.

“சார், அந்த அஞ்ச அடிச்சிட்டு எழுதுங்க. ஆறு பேரு.”

“உனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா?” என்று ஜெயம் பதறினாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அய்யா, நான் உங்களுக்கு நல்லது பண்ணப் பாக்கறேன். கார்டுல அஞ்சு பேரு, ஃபாரத்துல அஞ்சு பேரு. கையெழுத்துப் போட்டா வேல முடிஞ்சுது. ஆறுன்னு எழுதினா கேரண்டி போயிடும், தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“மழ வரப்போவுது. கெணறு கெட்டுக் கெடக்குது. மில்லும் இல்ல. எப்பிடிச் சமாளிப்பீங்க?”

“நானும் பசங்களும் எறங்கிப் பூசிக்கறோம். முடியலன்னா மண்ணப் போட்டு மூடிட்டு ஏரிப்பக்கம் போறோம். இத்தினி காலம் போவலியா?” தெருப் பக்கம் கை காட்டினார். “எம் பொண்ணு இந்த வூட்டு ஆளு இல்லன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது. அதுவும் அவளே கேட்டுகினு நிக்கறப்ப.”

தெருவிலிருந்து அவள் கத்தினாள். “அப்பா, போடுப்பா! வெறும் காயிதம்தானப்பா!”

ஜெயம் மடமடவென்று படி இறங்கினாள். மகள் தோளிலிருந்த பையைப் பிடுங்கினாள். “மூஞ்சப் பாரு, பையத் தூக்கிகினு கெளம்பிட்டா! வா உள்ள” என்று அதட்டிக்கொண்டே அழுதாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்கள்.

பதினோரு வருஷத்தில் எத்தனையோ வீட்டில் ஆறாவது ஆளை நான் கண்டுபிடித்திருக்கிறேன். பத்தாயம் இருக்கிற அறையில் ஒளிந்தவர்கள், கொல்லை வழியாக ஓடியவர்கள், எல்லாரையும். கலியபெருமாள் மாதிரி தானே முன்வந்து எண்ணச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. என் முதலாளியின் மேல் வந்த ஆத்திரம் முழுக்க என் மேலேயே திரும்பிற்று.

ஐந்தை அடித்து ஆறு என்று எழுதினேன். ஆறாவது வரியில் பெயர்: அஞ்சலாட்சி. உறவு: மகள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. அதையும் நிரப்பாமல் ஃபாரத்தைக் கொடுக்க முடியாது.

“இந்த வீட்டுல எவ்ளோ காலமா இருக்காங்க?” என்று கேட்டேன்.

கலியபெருமாள் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“பொறந்ததுலேர்ந்து சார். நடுவுல ஒரு ரெண்டு வருசம் வெளியூரு போயிருந்துச்சி, அவ்ளோதான்.”