நாலாம் நம்பர்

கிரைண்டர் பட்டதும் பொறி தெறித்தது. இரும்பில் பதிந்திருந்த எண்ணில் முதலில் 1 அழிந்தது, அப்புறம் 7.

ஒரு ஜாயின்ட்டை வெல்டிங் செய்து முடித்தால் பக்கத்திலேயே தன் எண்ணைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். விரிசல் விட்டால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே. அந்த எண்ணே வெல்டருக்குப் பேராகிவிட்டது: பதினேழு. ஏழு மாதமாக அவன் செய்த இந்த டாங்கில் மட்டும் அறுபத்திரண்டு பதினேழுகள் இருந்தன.

"சீக்கிரம்டா. மந்திரி பதினோரு மணிக்கு வந்துருவாரு." சூப்பர்வைசர் 4 என்ற அச்சை நீட்டினார். அவரும் கடல் தாண்டி வந்தவர்தான்.

"நாலா? அவன் சூடு தாங்கலைன்னு ஓடிப்போயி ஒரு வருஷம் ஆச்சேண்ணே."

"ஓடினாலும் இந்த நாட்டுக்காரன். வெளியாளுக்குத் தொழில் விசாவே குடுக்கக் கூடாதுன்னு அந்த மனுஷன் மேடைக்கு மேடை கத்துறாரு. உன் நம்பரையா காட்டுறது?"

"மாசக் கடைசியோட என் விசா முடியுது. பாப்பாவை இப்பத்தான் ஸ்கூல்ல சேத்தேன்."

"அதுக்குத்தான் சொல்றேன். அடிக்கலைன்னா முதலாளி உன் பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டாரு. எனக்கும் அடுத்த மாசம் முடியுதுடா."

பதினேழு சுத்தியலை எடுத்தான். கூட வேலை செய்யும் ஃபிட்டர் சிரித்தான்.

"மச்சான், ஒரே நாள்ல பதிமூணு கொறஞ்சுட்ட. சாப்பாட்டையும் கொறைச்சிடாத."

"வாயை மூடிட்டு, பொறி படாம தகரத்தைப் பிடிடா."

மந்திரி வந்தபோது வெளிநாட்டு ஆட்கள் எல்லோரும் பெயின்ட் கிடங்குக்குள் அடைந்து கிடந்தார்கள். பதினேழு கிடங்கின் தகரச் சுவரிலிருந்த ஓட்டையில் கண்ணை வைத்திருந்தான். மந்திரி கையுறையைக் கழற்றி வெல்டிங் மேல் விரலை ஓட்டினார். ஓரிடத்திலும் விரல் இடறவில்லை.

"இது நம் நாட்டுக் கை. இதைவிடப் பெரிய திறமையையா வெளியிலிருந்து கொண்டுவரப் போகிறோம்?"

அந்த மொழி பதினேழுக்குப் பாதிதான் தெரியும். இது முழுதாகப் புரிந்தது.

"யார் இந்த நாலாம் நம்பர்?"

"இன்றைக்கு லீவு, ஐயா," என்றார் முதலாளி. கைதட்டினார்கள். கேமராக்கள் நாலைப் படம் பிடித்தன.

சாயங்காலம் சூப்பர்வைசர் விசா பேப்பரோடு வந்தார். முதலாளி கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் சூப்பர்வைசர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"புது ரூலாம்டா. அந்த மந்திரி போட்டதுதான், இன்னைக்குத்தான் ஆபீசுக்கு வந்துச்சு. நீ தொழில் தெரிஞ்சவன்னு காட்ட, கடைசி ஆறு மாசத்துல செஞ்ச ஜாயின்ட்டுல மூணு போட்டோ வேணுமாம். நம்பர் தெரியணுமாம்."

"திரும்ப என் நம்பரை அடிச்சுக்கிறேண்ணே. மூணே மூணு."

"நாளைக்குப் பேப்பர்ல நாலு வரப்போகுது. டாங்கைத் தொட்டா முதலாளி ரெண்டு பேரையும் தொலைச்சுருவாரு. எங்கயாச்சும் ஒண்ணு அழிக்காம விட்டிருப்ப, தேடிப் பாரு."

பதினேழு போனோடு டாங்கைச் சுற்றி வந்தான். அடியில் தவழ்ந்தும் பார்த்தான். காலையில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. எந்த வேலையையும் அவனுக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கடைசி ஜாயின்ட்டின் முன்னால் போனைத் தூக்கிப் பிடித்தான். தேய்த்த இடம் பளபளவென்றிருந்தது. அதில் பிரதிபலித்த அவன் முகம் திரையில் மங்கலாக விழுந்தது, நெற்றியில் ஒரு 4.